பேச்சு நின்றால் கிரேனும் நிற்க வேண்டும்

கொக்கியாருக்கு அந்தப் பெயர் வந்ததற்கு அவர் ஓட்டும் கிரேன்தான் காரணம் என்று அவரே சொல்லிக்கொள்வார். கூட வேலை செய்பவர்களைக் கேட்டால் வேறு கதை வரும். வழியில் அவர் கண்ணில் பட்டுவிட்டால் போதும், சட்டையில் கொக்கி மாட்டின மாதிரிதான். கையிலிருக்கும் டீ ஆறி, வெயில் ஏறி, போக வேண்டிய காரியம் மறந்து போகும்வரை ஆளை விடமாட்டார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. உலகத்தில் நடக்கும் எல்லாவற்றைப் பற்றியும் தன்னிடம் ஓர் அபிப்பிராயம் தயாராக இருக்கும்போது அதை வீட்டிலேயே பூட்டி வைப்பானேன் என்ற தாராள மனசுதான்.

அவருடையது லாரியின் முதுகில் மடங்கி உட்கார்ந்திருக்கும் சின்னக் கிரேன். வாடகைக்குப் போகும். மொட்டை மாடிக்குத் தண்ணீர்த் தொட்டி, கடைக்கு ஜெனரேட்டர், அச்சகத்துக்கு இயந்திரம், மாடிப்படியின் அகலத்தைப் பார்க்காமல் யாரோ வாங்கிவிட்ட சோபா என்று அன்றாடம் ஏதாவது வரும். பெரிய கட்டடங்களுக்குப் பக்கத்தில் நிற்கும் ராட்சதக் கிரேன்கள் மேல் அவருக்கு மரியாதை இல்லை. "அதெல்லாம் ஒரே இடத்துல நின்னு மேயற ஒட்டகச்சிவிங்கி. நம்மது தெருத்தெருவா போய்ப் பொழைக்கிறது" என்பார். பேச்சைப் பற்றி ஆயிரம் குறை சொல்பவர்களும் அவர் வேலையைக் குறை சொன்னதில்லை.

கிரேன் ஓட்டுகிறவருக்குத் தன் கண் மட்டும் போதாது. சுமை எங்கே போய் உட்கார வேண்டுமோ அங்கே நின்று, ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கைஜாடை காட்ட ஓர் ஆள் வேண்டும். கொக்கியாருக்கு அந்த ஆள் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. மாமா வாயால் கொட்டுவதையெல்லாம் ஈடுகட்டவே பிறந்தவன் மாதிரி, வார்த்தையைப் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பவன். தலையசைத்தால் முடிகிற காரியத்துக்கு அவன் வாயைத் திறந்ததில்லை. இரண்டு பேரும் பொருந்தித்தான் போனார்கள், அந்த அலமாரி வரும்வரை.

கொக்கியார் மனைவி ஆசைப்பட்டு வாங்கிய இரும்பு அலமாரி அது. கதவு முழுக்க ஆளுயரக் கண்ணாடி. ஊருக்கெல்லாம் தூக்கி வைக்கிறவர் சொந்த வீட்டுக்குத் தூக்க மாட்டாரா? ஒரு விடுமுறை நாளில் லாரியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, மாடிப் பால்கனிக்கு அதை ஏற்றினார்கள். ஏறியது, திரும்பியது, சுவரில் மோதியது. கண்ணாடி தெருவெல்லாம் சிதறியது. நிறுத்து என்று தான் கை காட்டியபோது மாமா எதிர்வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார் என்றான் மைத்துனன். கை காட்டியதே தாமதம் என்றார் கொக்கியார். அவன் சொன்னது ஒரே வாக்கியம். அவர் சொன்னது மாலைவரை நீண்டது. நடுவே தன் பக்கத்தைச் சொல்ல அவன் மூன்று நான்கு தடவை வாயெடுத்துப் பார்த்தான். இடம் கிடைக்கவில்லை. இனிமேல் உங்களிடம் பேசுவதாக இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

எப்படியும் நாளைக்கு வந்து பேசுவான் என்று கொக்கியார் நினைத்தார். அவன் வந்தான், பேசவில்லை. உனக்கே இவ்வளவு என்றால் எனக்கு எவ்வளவு இருக்கும் என்று இவரும் வாயை மூடிக்கொண்டார். அப்படியே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது. வேலை மட்டும் நிற்கவில்லை, பேச்சுத்தான் இல்லையே தவிர கை இருக்கிறதே. ஏற்று இறக்கு என்பதற்கான ஜாடைகளோடு அவர்கள் தங்களுக்கென்று வேறு சிலதையும் சேர்த்துக்கொண்டார்கள். காதைத் தொட்டால் டீக்கு நேரமாச்சு. புருவத்தைத் தூக்கினால் இந்த வீட்டுக்காரர் கறார் பேர்வழி. பின்கழுத்தைச் சொறிந்தால் கொஞ்சம் இறக்கு. கொக்கியாரும் அந்த நாளிலிருந்து மைத்துனன் கையைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. அதற்குப் பிறகு அவர்கள் எதையும் உடைத்ததும் இல்லை.

வீட்டில் நிலைமை கொஞ்சம் சிக்கல். மைத்துனன் குடும்பம் குடியிருப்பது பக்கத்துத் தெருவில். வந்து உட்கார்ந்தால், எதிரே மாமா உட்கார்ந்திருக்கும்போதே, நாளைக்கு லாரியைச் சீக்கிரம் எடுக்கணுமாம், மாமாகிட்ட சொல்லுக்கா என்பான். எத்தனை மணிக்குன்னு உன் தம்பியைக் கேளு என்பார் இவர். நடுவில் நின்று இரண்டு பக்கமும் அஞ்சல் பட்டுவாடா செய்து அந்த அம்மாளுக்கு அலுத்துப்போயிருந்தது. கண்ணாடி போன அலமாரிக்கு முன்னால் நின்று, வெறும் தகரத்தைப் பார்த்துத் தலைவாரிக்கொள்ளும்போதெல்லாம் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவாள்.

இந்த நிலைமையில்தான் கிரேனுக்குச் சொந்தக்காரரான முதலாளி ஒரு நாள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். புதிதாகக் கட்டும் மருத்துவமனையில் பல மாத வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. ஆனால் அங்கே பாதுகாப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிய ஆட்களைத்தான் உள்ளே விடுவார்களாம். காப்பீட்டுக்காரர்களும் அதையே சொல்லிவிட்டார்களாம். ஆகவே இருவரும் ஜோடியாகப் போய்ச் சேர வேண்டும், கிரேனுக்கு அவர், ஜாடைக்கு இவன். தேறினால் வேலை. தேறாவிட்டால் கிரேனுக்கு வேறு ஆள் பார்ப்பதைத் தவிர வழியில்லை, உங்கள் இருவருக்கும் யார்டு கேட்டில் காவல் வேலை போட்டுத் தருகிறேன் என்றார். அதைச் சொல்லும்போது முதலாளி கொக்கியார் முகத்தைப் பார்க்கவில்லை.

கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் கிரேனை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போவதற்குக் கதவைத் திறந்துவிடுவதா? கொக்கியாருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெளியே மட்டும், "நமக்குத் தெரியாததையா சொல்லித் தரப் போறாங்க, போய் ரெண்டு வார்த்தை அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டு வரேன்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பயிற்சி நிலையம் ஊருக்கு வெளியே, பழைய கிடங்கு ஒன்றில் இருந்தது. வகுப்பறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், வெள்ளைப் பலகை, ஓரமாக ஒரு மின்விசிறி. அது பலகைப் பக்கம் திரும்பும், திரும்பி வர மறுக்கும். சொல்லிக்கொடுக்க வந்தவர் ஒரு பெண். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கழுத்தில் விசில். பல வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவராம். எல்லோரும் அவரை மேடம் என்றார்கள். கொக்கியாரும் மைத்துனனும் வகுப்பின் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள்.

முதல் நாளே மேடம் ஒவ்வொருவரும் கொண்டுவந்த தூக்கும் பெல்ட்டைக் கேட்டு வாங்கினார். சுமையைச் சுற்றிக் கட்டிக் கொக்கியில் மாட்டுகிற அகலமான நைலான் பட்டை அது. கொக்கியார் தன்னுடையதைப் பெருமையோடு நீட்டினார். அது எத்தனையோ தொட்டிகளைப் பார்த்தது. மேடம் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார். அரை விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. கத்தரியை எடுத்து, இனி யாரும் பயன்படுத்த முடியாதபடி எல்லார் முன்னாலும் அதை இரண்டாக வெட்டிப் போட்டார். தன் மீசையையே கத்தரித்துவிட்ட மாதிரி கொக்கியார் நின்றார்.

அடுத்து எடை அட்டவணை. கிரேனின் கையை எவ்வளவு தூரம் நீட்டினால் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்குக் கிரேனிலேயே ஒட்டியிருக்கும் தகடு. இவ்வளவு காலமும் அதை எப்படிப் பார்த்து வேலை செய்தீர்கள் என்று மேடம் கேட்டார். தான் அதைப் பார்ப்பதில்லை, அதிகமாகப் போனால் வயிற்றில் ஒரு மாதிரி இருக்கும், அப்போது நிறுத்திவிடுவேன் என்றார் கொக்கியார்.

"வயித்துக்கு என்ன சாப்பிட்டீங்கன்னுதான் தெரியும். என்ன தூக்குறீங்கன்னு தெரியாது" என்றார் மேடம்.

வகுப்பு சிரித்தது. கோடியில் மைத்துனனும் சிரித்தான். கொக்கியார் அதைப் பார்த்துவிட்டு, அன்று மாலை அந்தத் தகட்டை முதல்முறையாகத் துடைத்து, வரி விடாமல் படித்தார். படித்தபின் பழைய வேலைகளை நினைத்துப் பார்த்தால், தூக்கியிருக்கவே கூடாத எடைகள் சில கணக்கில் வந்தன. இதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஜாடைப் பாடத்தில் மானம் போயிற்று. ஒரு டிரம்மைத் தூக்கி அந்தரத்தில் நிறுத்தியிருந்தபோது, வியர்வை அரித்து மைத்துனன் பின்கழுத்தைச் சொறிந்தான். டிரம் கடகடவென்று இறங்கத் தொடங்கியது. மேடம் ஊதிய விசில் சாலைவரை கேட்டிருக்கும். யார் இறக்கச் சொன்னது என்று கேட்டார். அவன்தான் என்று கொக்கியார் கையை நீட்டினார். சொறிந்தது குற்றமா என்பதுபோல அவன் பார்த்தான். உங்கள் வீட்டு ஜாடையெல்லாம் உங்கள் வீட்டோடு, நாளைக்கே இன்னொருவர் வந்து ஜாடை காட்டினாலும், இன்னொருவர் கிரேன் ஓட்டினாலும் ஒரே அர்த்தம்தான் வர வேண்டும் என்று மேடம் இருவரையும் நிறுத்திவைத்து, பாடப்படி கையை நீட்ட, மடக்க, சுழற்ற வைத்தார். நாலு நாள் பயிற்சியில் அதுவும் படிந்தது.

பிறகுதான் வந்தது சங்கடம். சுமை சுவருக்கு அந்தப்பக்கம் இறங்க வேண்டும், ஓட்டுகிறவருக்கு ஜாடைக்காரர் தெரியமாட்டார் என்றால் கைக்கு வேலையில்லை. வாக்கி டாக்கியில் வாயால் சொல்ல வேண்டும். மேடம் பலகையில் பெரிதாக எழுதினார்: பேச்சு நின்றால் கிரேனும் நிற்க வேண்டும். ஜாடைக்காரர் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், இறக்கு, இறக்கு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று. குரல் அறுந்தால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கணமே நிறுத்திவிட்டு, மறுபடி குரல் வரும்வரை தொடக் கூடாது.

பலகையையும் மைத்துனனையும் கொக்கியார் மாறி மாறிப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

ஒத்திகையில் அவன் சுவருக்குப் பின்னால் போய் நின்று பட்டனை அழுத்தினான். கர்ரென்ற இரைச்சலும் மூச்சுச் சத்தமும் வந்தன. வேறெதுவும் வரவில்லை. விதிப்படி கொக்கியார் கிரேனை அசைக்கவில்லை. மேடம் பேட்டரியை மாற்றினார். பிறகு வாக்கி டாக்கியையே மாற்றினார். கூடப் படித்த ஒருவர் மெதுவாக அவர் காதில் விஷயத்தைப் போட்டார். கேட்டுவிட்டு மேடம், ஜோடியாகச் சேர்ந்தவர்களுக்கு ஜோடியாகத்தான் தேர்வு, குடும்பச் சண்டைக்கென்று தனி மதிப்பெண் எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தேர்வு மறுநாள்.

அன்று மாலை வீட்டுக் கூடத்தில் ஒரு சமாதான மாநாடு நடந்தது. ஒரு பக்கம் கொக்கியார், எதிர்ப்பக்கம் மைத்துனன், நடுவே மனைவி. முதலில் பேசுகிறவன் தப்பை ஒப்புக்கொண்டவன் ஆகிவிடுவான் என்பதுதான் இருவர் மனசிலும் இருந்த முள். கொக்கியாருக்கே ஒரு யோசனை தோன்றியது. தேர்வில் பேசுவது வேலைப் பேச்சு, அது பேச்சில் சேராது, உன் தம்பிக்குச் சம்மதமா கேளு என்றார். அப்படியானால் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன், உறவு சொல்லியும் கூப்பிட மாட்டேன், கிரேன் என்றுதான் கூப்பிடுவேன், அவருக்குச் சம்மதமா கேளுக்கா என்றான் அவன்.

"ரெண்டு பேருக்கும் பத்திரத்தாள் வாங்கிட்டு வரவா?" என்றாள் அவள். "பரீட்சை முடிஞ்ச அன்னிக்கோட என் தபாலாபீஸ் மூடியாச்சு. அப்புறம் பேசுவீங்களோ, ஊமையாவே திரிவீங்களோ, அது உங்க பாடு."

தேர்வு நாளன்று மைதானத்தில் ஆளுயரத்தைவிட உயரமான ஒரு செங்கல் சுவர். இந்தப் பக்கம் கொக்கியார், லாரியோரத்தில் லீவர்களுக்கு முன்னால். மார்பில் வாக்கி டாக்கி. அந்தப் பக்கம் மைத்துனன், அவனோடு வெளியிலிருந்து வந்த ஒரு தேர்வாளர். மணல் நிரப்பிய டிரம்மைத் தூக்கிச் சுவரைத் தாண்டி, அங்கே சுண்ணாம்பில் வரைந்த சதுரத்துக்குள் இறக்க வேண்டும். முறை வரக் காத்திருந்தவர்கள் மரநிழலில் நின்றார்கள், அவர்கள் கையிலும் வாக்கி டாக்கிகள். கொக்கியார் பெல்ட்டைத் தடவிப் பார்த்தார், தகட்டைப் படித்தார், லாரி சாயாமலிருக்கப் பக்கவாட்டில் ஊன்றிய தாங்குகால்களுக்கு அடியில் மரப்பலகை சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். மேடம் எழுதிக்கொண்டார்.

"கிரேன், ஏற்று" என்றது வாக்கி டாக்கி.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு தன்னை நோக்கி வந்த அந்தக் குரலைக் கேட்டதும் கொக்கியாருக்கு ஒரு கணம் லீவர் எது என்றே மறந்துபோயிற்று. சமாளித்துக்கொண்டார். ஏற்று, ஏற்று, நிறுத்து, இடது பக்கம், இன்னும், இன்னும். குரலில் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஒப்பந்தப்படி அவன் ஒரு சொல்லும் கூடுதலாகச் சொல்லவில்லை. இவரும் வாய் திறக்கவில்லை. டிரம் சுவரைத் தாண்டி மறைந்தது. கிரேன், இறக்கு. இறக்கு. இறக்கு. இற

அதோடு நின்றது.

கொக்கியாரின் கை தானாகவே லீவரை விட்டது. கம்பி அசையாமல் நின்றது. இதுவரை சரி, பாடத்தில் உள்ளபடிதான். குரல் வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தார். வரவில்லை. கர்ரென்ற இரைச்சல்கூட இல்லை.

அவன் பேசாமலிருப்பது அவருக்குப் புதிதா? சாப்பாட்டில், லாரியில், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ நாள் அந்த மௌனத்தைத் தாங்கியிருக்கிறார். ஆனால் அப்போதெல்லாம் ஆள் கண்ணுக்குத் தெரிந்தான். இப்போது சுவர் மட்டும்தான் தெரிந்தது. அதற்கு அந்தப்பக்கம் தன் கையால் தூக்கிய எடை தொங்குகிறது, அதற்குப் பக்கத்தில் எங்கேயோ அவன் இருக்கிறான். பெல்ட் நழுவியிருக்குமோ? கால் இடறி அடியில் விழுந்திருப்பானோ? சான்றிதழும் யார்டு கேட்டும் காவல் நாற்காலியும் அவர் நினைவிலிருந்து எங்கே போயினவென்று தெரியவில்லை. மார்பில் இருந்த பட்டனை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினார்.

"மாப்ள" என்றார். "மாப்ள, என்னாச்சு? மாப்ள, அங்க இருக்கியா? டிரம்முக்கு அடியில இல்லையே? ஏதாவது சொல்லு மாப்ள. நான்தான் தப்பு, நீ கை காட்டினே, நான் பார்க்கல, போதுமா? அதுக்காக இப்ப பேசாம இருக்காதே. உங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? மாப்ள, ஒரே ஒரு வார்த்தை சொல்லு."

மரநிழலில் இருந்த எல்லா வாக்கி டாக்கியிலும் அது கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

உண்மையில் அந்தப்பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை. குரல் அறுந்தால் ஓட்டுநர் நிறுத்துகிறாரா என்று பார்ப்பதும் தேர்வில் ஒரு பகுதி. தேர்வாளர் சத்தமில்லாமல் கையை நீட்டி மைத்துனனிடமிருந்து வாக்கி டாக்கியை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். கிரேன் நின்றதைப் பார்த்துத் திருப்தியாகத் திருப்பியும் கொடுத்துவிட்டார். அவனும் அதை வாயருகே வைத்துக்கொண்டு, இருக்கேன், இருக்கேன் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அந்தக் கருவிக்கு ஒரு குணம் உண்டு. ஒருவர் பட்டனை அழுத்திப் பேசிக்கொண்டிருக்கும்வரை அடுத்தவர் சொல்வது அவருக்குக் கேட்காது. கொக்கியாரோ பிடித்த பட்டனை விடவே இல்லை.

கடைசியில் அவன் கருவியை இறக்கிவிட்டு, சுவரைப் பார்த்து, வெறும் தொண்டையால் கத்தினான்.

"மாமா, பட்டனை விடுங்க. நீங்க விட்டாத்தான் நான் பேச முடியும்."

கொக்கியார் விட்டார். கையைப் பட்டனிலிருந்து எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இங்கதான் இருக்கேன் மாமா" என்றது மார்பில் இருந்த குரல். "எனக்கு ஒண்ணும் ஆகல. பரீட்சைக்காக சார் வாங்கி வச்சுக்கிட்டார். நீங்க இறக்குங்க. மெதுவா, இன்னும் கொஞ்சம் இருக்கு. இறக்குங்க மாமா, இறக்குங்க, இறக்குங்க. நிறுத்துங்க. உக்காந்திருச்சு."

மேடம் எழுதிக்கொண்டே வந்து நிலவரத்தைச் சொன்னார். உடனே நிறுத்தியதற்கு முழு மதிப்பெண். அடுத்தவரைப் பேசவிடாமல் பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்ததற்குக் குறைத்திருக்கிறார். ஆனாலும் இருவரும் தேறிவிட்டார்கள். சொல்லும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டது தூசியினால் என்றே வைத்துக்கொள்வோம். கொக்கியாருக்குப் பாதிதான் காதில் விழுந்தது, ஏனென்றால் டிரம் தரையில் உட்கார்ந்த பிறகும் அந்தப்பக்கத்துக் குரல் நிற்கவில்லை. லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஆள் இருக்கிறானா என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கக் கூடாதா என்று கேட்டது. காலையில் வாசலில் வந்து அப்படி ஹார்ன் அடித்தால் குழந்தை எழுந்துவிடுகிறது என்றது. போன மழையில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்துக்கடையிலிருந்து மாத்திரை வாங்கிக் கொடுத்தது அக்கா இல்லை, நான்தான் என்றது. சேர்த்து வைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் கொக்கியாரிடம் பதில் தயாராக இருந்தது. அவர் பட்டனைத் தொடவில்லை.